எட்டில் தொடங்கும் மரங்கள்

பதினொன்று இருபது ஆகிறது, இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, ஏழு வரிகளை அழிப்பதற்கு நாற்பது நொடிகூட வேண்டாம், ஆனாலும் காலையில் வந்ததிலிருந்து இந்த ஏழு வரிகளுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன், யாரோ வீட்டு வாசலில் அழைப்பு மணியை அழுத்தலாமா வேண்டாமா என்று நிற்பதைப் போல. கம்பெனியை மூடுகிறோம், பன்னிரண்டு மணிக்கு சர்வரை நிறுத்திவிடுவார்கள். கம்பெனியை நடத்தும் சபாபதி சார் எட்டரைக்கே போன் செய்து சொல்லிவிட்டார், "இந்து, பன்னெண்டுக்கு மேல ஒரு நிமிஷம்கூடத் தர மாட்டாங்க, அதுக்குள்ள அந்த மெயிலை அனுப்பிடும்மா, முன்னாடி இருக்குற குப்பை வரியெல்லாம் எடுத்துட்டு அனுப்பு." குப்பை வரி என்று அவர் சொன்னது இந்த ஏழைத்தான். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மூன்று வருடமாக யாருக்கும் தெரியாது. மெயில் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை, எங்கள் சேவை வழியாக டிஜிட்டல் டோக்கன் வாங்கிய மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கும், இதோ இந்த எண்ணுள்ள டோக்கன் உங்களுடையது, அதில் எழுதியிருப்பது இது, நாங்கள் போனாலும் அது பிளாக்செயின் சங்கிலியில் அப்படியே இருக்கும் என்று ஒரு கடைசிக் கடிதம். அவ்வளவுதான். மூன்றாவது வரி, முன்பு இங்கே எங்களோடு வேலை செய்த ஜெரால்டுக்குப் போகும். அதை அழித்துவிட்டால் போகாது. கீழே மோட்டார் ரீவைண்டிங் கடையில் வார்னிஷ் காய வைத்திருக்கிறார்கள் போல, ஜன்னல் வழியாக அந்த வாசனை ஏறி வருகிறது, முதல் நாள் தலை வலித்தது, இப்போது இது இல்லாத இடத்துக்கு வேலைக்குப் போனால் என்ன செய்வேன் என்று இருக்கிறது. நாற்காலிகளை முந்தாநாளே எடுத்துப் போய்விட்டார்கள், கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டிமேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவை இருந்த இடங்களில் தரை மட்டும் கொஞ்சம் வெளிறி, சக்கரங்கள் ஓடி ஓடிக் கீறிய வட்டங்கள் ஏழு. எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை, எனக்கு யார் வட்டம் எது என்று தெரியும். ஜெரால்டின் வட்டம் பெரியது, அவர் யோசிக்கும்போது காலை உந்திப் பின்னால் போய்ச் சுவரில் முட்டித் திரும்புவார்.

ஒருமுறை பூங்கொடி அக்கா கேட்டார், அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான், சாவி, டீ, கூரியர், வாடகைக்காரர், எல்லாம் அவர் கை, "ஏங்கண்ணு, வந்து ரெண்டு வருசமாச்சு, நாமெல்லாம் இங்க என்னதான் பண்றோம்?" ஜெரால்டுதான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "அக்கா, போன்ல ஒரு செயலி இருக்கு. சங்கிலி மேல டோக்கன் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, அது ஒரு சின்ன நிரல், ஒருதரம் வச்சுட்டா வச்சவனே நினைச்சாலும் மாத்த முடியாது, எந்த டோக்கன் யாருதுன்னு அதுக்குத்தான் தெரியும். செயலிக்கு அந்த ஒப்பந்தத்தோட பாஷை தெரியாது, ஒப்பந்தத்துக்குச் செயலியோட பாஷை தெரியாது. ரெண்டுக்கும் நடுவுல நின்னு இவன் சொன்னதை அவன்கிட்டயும் அவன் சொன்னதை இவன்கிட்டயும் சொல்றது நாம." அக்கா டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டே, "அப்ப புரோக்கருன்னு சொல்லு, எதுக்கு இவ்ளோ சுத்தறே," என்றார். அறையே சிரித்தது. பெரிய தினேஷ் மேசையைத் தட்டிச் சிரித்தார், சின்ன தினேஷ் பெரிய தினேஷைப் பார்த்துச் சிரித்தான், ஷர்மிளி சிரித்து முடித்ததும் சிரித்ததற்காக யாரிடமோ மன்னிப்புக் கேட்பவளைப் போலக் குனிந்துகொண்டாள். நானும் சிரித்தேன், ஆனால் எனக்குச் சிரிப்புச் சத்தம் வராது, தோள் மட்டும்தான் குலுங்கும், அதை ஜெரால்டு பார்த்துவிட்டு, "இந்துஜா சிரிச்சாச்சு, போர்டுல எழுதி வைங்கப்பா," என்றார். அவரை நான் என்னவென்று கூப்பிடுவது என்று கடைசிவரை முடிவாகவில்லை. மற்றவர்கள் ஜெரி என்றார்கள். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், பெயர் சொல்ல நாக்கு வரவில்லை. அண்ணா என்று சொல்ல ஏனோ மனம் வரவில்லை. சார் என்றால் கேலி செய்வார். அதனால் கூப்பிடாமலே இருந்தேன், ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் அவர் இந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருப்பேன், சில நாள் அதற்கே அரை மணி ஆகும், அந்த அரை மணியில் சந்தேகம் தானாகத் தீர்ந்துபோனதும் உண்டு.

கூப்பிடாமலே இருந்துவிடலாம். ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது என்று ஒரு விஷயம் அந்த அறையில் இருந்தது. கீழே மோட்டார் கடையில் சுற்றி முடித்த மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் முன் சுவிட்சுப் பக்கம் நிற்பவர் "மெயின்!" என்று கத்துவார், மோட்டார் பக்கம் இருப்பவர் கையை எடுத்துவிட்டு "சரி!" என்பார், அதன் பிறகுதான் சுவிட்ச் கீழே இறங்கும். நாள் முழுக்க அது மேலே எங்களுக்குக் கேட்கும். சபாபதி சாருக்கு அது பிடித்துப்போய் எங்களுக்கும் அதையே வைத்துவிட்டார். எங்களுக்குச் சங்கிலி இரண்டு. ஒன்று டெஸ்ட், விளையாட்டுச் சங்கிலி, அதில் எதைப் போட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இன்னொன்று மெயின், அதில் ஏறியது ஏறியதுதான், உலகம் உள்ளவரை இறங்காது. எதை ஓட்டுவதாக இருந்தாலும் என்டர் தட்டும் முன் அறைக்குக் கேட்கும்படி "டெஸ்ட்!" என்றோ "மெயின்!" என்றோ சொல்ல வேண்டும், யாராவது ஒருவர் "சரி" சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது யாராவது "டெஸ்ட்!" என்று கத்தினால் தூக்கிவாரிப் போடும். எல்லோரும் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு யாருமே பதில் சொல்லாமல் இருந்தால் உள்ளேயிருந்து பூங்கொடி அக்கா "செரி!" என்று ஒரு குரல் கொடுப்பார். எதற்குச் சரி என்று அவருக்குத் தெரியாது, ஆனால் ஒரு பிள்ளை பதிலில்லாமல் காத்திருப்பது அவருக்குப் பொறுக்காது. நானும் சொன்னேன். தினமும் சொன்னேன். உதடு அசையும், நாக்கு மேலண்ணத்தைத் தொடும், டெஸ்ட் என்ற வார்த்தை வாய்க்குள் முழுதாக உருவாகும், வெளியே வராது. யாரும் சரி சொல்ல மாட்டார்கள், யாருக்கும் கேட்டிருக்காதே. நானே எனக்குள் சரி சொல்லிக்கொண்டு தட்டிவிடுவேன். கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போதும் இப்படித்தான், உள்ளேன் என்பேன், பேராசிரியர் இல்லை என்று போட்டுவிடுவார், பக்கத்தில் இருக்கிறவள் எழுந்து இவள் இருக்கிறாள் சார் என்று சொல்ல வேண்டும்.

பேசாத வாய்க்கு எழுதுகிற கை நீளம். பரிசோதனைக்காக ஏழு டோக்கன் தினமும் போட்டுப் பார்க்க வேண்டும், எங்கள் ஏழு பேருக்கும் ஒவ்வொரு கணக்கு இருந்தது, அவரவர் சொந்த மெயில் முகவரியிலேயே. ஒவ்வொரு டோக்கனிலும் விவரம் என்று ஓர் இடம், அதில் ஏதாவது எழுத வேண்டும். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போடுவார்கள். ஜெரால்டு அதையும் தானாகவே ஓடும்படி செய்துவைத்திருந்தார், காலை ஒன்பதுக்கு அவருடைய நிரல் எழுந்து ஏழு டோக்கன் போட்டுவிட்டுத் தூங்கிவிடும். நான் மட்டும் கையால் எழுதினேன். சும்மா. ஆளுக்கொரு வரி. டெஸ்ட் சங்கிலிதானே, யார் படிக்கப்போகிறார்கள், ஏறிய பிறகு தமிழ் தமிழாகத் தெரியாது, எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீளமான வாலாகத்தான் தெரியும், அதைத் திரும்பத் தமிழாக்கிக் காட்டுவதற்கு எங்கள் சேவை வேண்டும். அதனால் துணிச்சலாக எழுதினேன். சபாபதி சார்: கெட்ட செய்தி சொல்லும் முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், நம் முகம் தெரியாமல் இருப்பதற்காக. பூங்கொடி அக்கா: ஏழு கிளாஸிலும் டீ ஒரே அளவாக ஊற்றுவார், ஆனால் யார் முகம் வாடியிருக்கிறதோ அந்தக் கிளாஸை முதலில் நீட்டுவார். ஜெரால்டு: பிழை சிக்கினால் விசில் அடிப்பார், பிழை தன்னுடையது என்றால் விசில் நின்றுவிடும். பெரிய தினேஷ்: புரியாதபோது அதிகமாகத் தலையாட்டுவார். சின்ன தினேஷ்: பெரிய தினேஷ் ஆகக் காத்திருக்கிறான். ஷர்மிளி: சிரித்த பிறகு வருந்துவாள். ஜெரால்டு: பிழை சிக்கினால் விசில் அடிப்பார், பிழை தன்னுடையது என்றால் விசில் நின்றுவிடும். இந்துஜா: இவள் சொல்வது யாருக்கும் கேட்காது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அந்த ஏழு வரிகளையும் வரிசைப்படுத்தி, வாய்க்குள் டெஸ்ட் என்று சொல்லி, என்டர் தட்டினேன். முந்தின நாள் சாயங்காலமே ஜெரால்டு அமைப்பை மெயினுக்கு மாற்றியிருந்தார். "மெயின்!" என்று கத்தித்தான் மாற்றினார். நாங்கள் எல்லோரும் சரி என்றோம். நானும் சொன்னேன், வாய்க்குள். காலையில் அது நினைவில் இல்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவர் திரும்பி, ஏய் நிறுத்து, இப்போ மெயின்ல இருக்கு என்று சொல்லியிருப்பார். எல்லாம் அந்த ஒரு சத்தம்தான்.

அன்றைக்கு எங்கள் வாடிக்கையாளர் மரகதம் டீச்சரின் விழா. சூலூர்ப் பக்கம் ஒரு குளம், அதன் கரையில் அவருடைய பள்ளிப் பிள்ளைகள் நூற்று அறுபது கன்று நட்டிருந்தார்கள், புங்கை, நாவல், நீர்மருது. ஒவ்வொரு கன்றின் மூங்கில் கூண்டிலும் தகரத் தகடு கட்டி, பிள்ளைகளே பெயின்டால் எண் எழுதியிருந்தார்கள், ஒன்றிலிருந்து நூற்று அறுபதுவரை. எந்தத் தகடோ அதே எண்ணுள்ள டோக்கன் அந்தப் பிள்ளைக்கு. மரத்தை வெட்டினாலும் நட்டவர் பெயரை யாரும் வெட்ட முடியாது என்று டீச்சர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தபோதே முதல் பிள்ளைக்கு டோக்கன் வந்துவிட்டது. எண் எட்டு. அடுத்தவளுக்கு ஒன்பது. யாரும் கவனிப்பதற்குள் அறுபது பிள்ளைகள் வாங்கி அம்மா அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் டீச்சர் நேராக இங்கே வந்தார், இதோ இந்தக் கதவில் நின்றார், திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "எட்டுல இருந்து ஆரம்பிக்கிற எண்ணிக்கை எந்த ஊர்லங்க இருக்கு? நீதான் ஒண்ணாம் நம்பர் மரம்னு ஒரு பிள்ளைகிட்டச் சொல்லி வச்சிருக்கேன், அவ சும்மாவே எதுலயும் முதல்ல வராத பிள்ளைங்க." சபாபதி சார் கண்ணாடியைக் கழற்றினார். நான் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்லக்கூடாது, எழுந்தே விட்டேன், முழங்கால் நேராகிவிட்டது, அப்போது ஜெரால்டு சொன்னார், "என் தப்புங்க டீச்சர். காலைல தானா ஓடுற நிரலை நிறுத்த மறந்துட்டேன் போல. மெயினுக்கு மாத்துனதும் நான்தான்." முழங்கால் திரும்ப மடங்கியது. அவர் பொய் சொல்லவில்லை, யாரையும் காப்பாற்றவும் இல்லை, நிஜமாகவே தன் தப்பு என்று நம்பினார். நிறுத்தினேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை என்று அவர் சபாபதி சாரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எல்லோரும் போன பிறகு நான் அந்த நிரலின் பதிவைப் போய்ப் பார்த்தேன். நிறுத்தியிருந்தார். வியாழக்கிழமை மாலை ஆறு இரண்டுக்கு, அழகாக, மறக்காமல். அவர் அதைச் சரிபார்க்கவே இல்லை, தன் மேல் சந்தேகம் என்றால் சாட்சி கேட்காமல் ஒப்புக்கொள்கிற ஆள். மறுநாள் காலை சபாபதி சார் என்னிடம்தான் சொன்னார், "முதல் ஏழையும் செயலியில தெரியாம மறைச்சிடு இந்து." மறைத்தேன். கொலையும் செய்து குழியும் தோண்டினேன், பெரிய வார்த்தைதான், ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை எனக்கு அப்படித்தான் இருந்தது. ஜெரால்டு அன்று வரவில்லை. அவர் குளத்தங்கரையில் இருந்தார், சாந்தமாக, ஒரு கையில் வெள்ளை பெயின்டும் ஒரு கையில் கறுப்பு பெயின்டுமாக, ஒன்றை எட்டாக்கிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், பஸ்ஸில் போகும்போது வாய்க்குள் நாற்பது தடவை சொல்லிப் பார்த்தேன், நான்தான் ஓட்டினேன், நான்தான் ஓட்டினேன். கரையில் ஏறியதும் அவர் நூற்றுப் பத்தாவது தகட்டில் இருந்தார், என்னைப் பார்த்ததும் சொன்னது, "வந்துட்டியா, நல்லதாப் போச்சு, டப்பாவைப் பிடி." பிடித்தேன். இத்தனை வருடத்தில் எந்த நாளை முழுசாகத் திரும்பக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாய் என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன், அதுதான் எனக்கு விளங்காத விஷயம், நான் மிகவும் கேவலமாக நடந்துகொண்ட நாளும் அதுவேதான். கார்த்திகை மாசம், வெயில் மேலே விழுவது தெரியாமல் விழுந்தது. குளத்தில் நாமக்கோழிகள் கறுப்பு கறுப்பாக மிதந்தன, வெள்ளை மூக்கு, யாரோ தகட்டில் எண் எழுதும்போது சொட்டிய பெயின்ட்டைப் போல. அவர் பழைய எண்மேல் வெள்ளை பூசுவார், அது காய்வதற்குள் முன்னால் போய் அடுத்த நாலு தகட்டுக்குப் பூசுவார், பிறகு திரும்பி வந்து கறுப்பில் எழுதுவார், நான் ஏழைக் கூட்டிச் சொல்ல வேண்டும். பழைய எண் நூற்றுப் பதினொன்று என்றால், நூற்றுப் பதினெட்டு. அவர் எழுதுவார். என் வாழ்க்கையில் நான் சொன்ன எதையும் ஒருவர் உடனே அப்படி எழுதிக்கொண்டதில்லை. மத்தியானம் பேக்கரியிலிருந்து வாங்கி வந்திருந்த தேங்காய் பன்னை இரண்டாகப் பிய்த்து, தேங்காய் அதிகம் இருந்த பக்கத்தை என்னிடம் கொடுத்தார், விரலில் கறுப்பு பெயின்ட், பன்னில் ஒரு கறுப்புக் கைரேகை, நான் அந்த இடத்தைக் கடைசியில் சாப்பிட்டேன். "ஏழு மரம் எங்கயோ தகடில்லாம நிக்குது பாரு, மண்ணும் இல்லாம தண்ணியும் இல்லாம," என்றார், "ஒண்ணுலருந்து ஏழுவரைக்கும். அதுங்க மட்டும் எந்தக் காலத்துலயும் பட்டுப்போகாது." நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த ஏழு மரமும் நாம்தான், அதில் மூன்றாவது நீங்கள், உங்களைப் பற்றி நான் என்ன எழுதினேன் தெரியுமா என்று. "நூத்தி முப்பத்தொண்ணு," என்றேன். சாயங்காலம்வரை அவர் ஒருதரம்கூட விசில் அடிக்கவில்லை. காற்றுக்கு மூங்கில் கூண்டுகள் உரசிக்கொள்ளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்தான் ஆரம்பிக்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. விடைபெறும்போது என்னிடம், "சத்தமாச் சொல்லுங்கன்னு ஊருக்கே சொல்லிட்டு நானே கோட்டை விட்டுட்டேன் பாத்தியா," என்று சிரித்தார். நான் சிரித்தேன், தோளால்.

பதினொன்று நாற்பத்தைந்து. நினைப்பு குளத்தங்கரைக்குப் போனால் இருபது நிமிடம் போய்விடுகிறது, எப்போதும் இப்படித்தான். மூன்றாவது வரியை அழித்துப் பார்க்கிறேன். பட்டியல் உடனே மேலே ஏறி அந்த இடத்தை மூடிக்கொள்கிறது, எதுவுமே இல்லாததைப் போல, பல் விழுந்த இடத்தில் உடனே இன்னொரு பல்லைப் போல. திரும்ப வரவழைக்கிறேன். அழித்தால் ஒன்றும் ஆகாது. அழிக்காவிட்டாலும் அவருக்கு என்ன ஆகப்போகிறது, மூன்று வருடம் ஆயிற்று, பெங்களூரில் நல்ல வேலை, அவர் மறந்திருப்பார் என்று போன வாரம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் சின்ன தினேஷ் சாமான் எடுக்க வந்தான், இப்போது மீசையெல்லாம் வைத்துப் பெரிய தினேஷ் மாதிரியே இருக்கிறான், மானிட்டரைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னான், "ஜெரியைப் பாத்தேன்க்கா. டீம் லீடா ஆக்குறேன்னாங்களாம், வேண்டாம்னுட்டாராம். இன்னைக்கும் மெயின்ல எதையாவது ஓட்டணும்னா பக்கத்துல ஒரு ஆளைக் கூப்பிட்டு, நீ தட்டுப்பான்னு எந்திரிச்சுக்குவாராம். இங்க அவரு எப்படி இருப்பாரு, விசில் அடிச்சுட்டே தட்டுவாரில்ல?" எனக்கு அந்த மானிட்டரைப் பிடிக்கக் கை கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தேன். ஒரு மனிதர் மூன்று வருடமாகத் தன் விரலை நம்பாமல் இருக்கிறார். வியாழக்கிழமை மாலை ஆறு இரண்டுக்கு அந்த விரல் சரியாகத்தான் தட்டியது என்று உலகத்தில் ஓர் ஆளுக்கு மட்டும் தெரியும், அந்த ஆளுக்குக் குரல் வராது. பயம் என்ன என்று யோசிக்கிறேன். திட்டுவாரோ என்றா, திட்ட மாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கெட்டுப்போகும், அதுதான். இப்போது அது என்னிடம் முழுசாக இருக்கிறது, நாமக்கோழி, பன், நூற்றுப் பதினெட்டு. உண்மை தெரிந்தால் அவர் பக்கத்தில் அந்த நாள் வேறு நாளாகிவிடும், பக்கத்தில் டப்பா பிடித்துக்கொண்டு நின்றவள் எல்லாம் தெரிந்தே நின்றாள் என்று ஆகிவிடும். ஆகத்தான் வேண்டும், அதுதானே நடந்தது. பூங்கொடி அக்கா அட்டைப் பெட்டிக்கு மேல் பெட்டியாக ஏந்திக்கொண்டு வருகிறார், முகம் தெரியவில்லை, கால் மட்டும்தான். "இன்னுமா அந்த ஒரு மெயிலை அனுப்புறே? ஒரு கலியாணத்துக்கே பத்திரிகை அனுப்பிடலாமாட்ட இருக்கு." பெட்டிகளை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை இரண்டு கிளாஸில் ஊற்றி, முதலாவதை என் பக்கம் நீட்டுகிறார். நான் எழுதியது சரிதான், மூன்று வருடம் கழித்தும் சரியாகத்தான் இருக்கிறது.

டீ ஆறிப்போயிருக்கிறது, இனிப்பு மட்டும் அடியில். அழிக்கப்போவதில்லை. அழிக்கப்போவதில்லை என்று முடிவானதும் மூச்சு கொஞ்சம் இறங்குகிறது, உடனே இன்னொன்று உறுத்துகிறது. வரியை அப்படியே விட்டால் அவர் படிப்பார், விசில் நின்றுவிடும் என்று படிப்பார், யார் எழுதியது என்று யோசிப்பார், தன் நிரல் ஒன்று இரண்டு மூன்று என்றுதானே போடும் என்று கண்டுபிடிப்பார், அப்படியே என்னிடம் வந்து சேர்வார், சேரலாம். சேராமலும் போகலாம், அந்தக் கடைசிக் கடிதத்தைத் திறக்காமலே தள்ளிவிடலாம். திறந்தாலும் எல்லா வேலையும் அவருக்கு, நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு உதடு மட்டும் அசைத்துக்கொண்டிருப்பேன், கேட்டால் கேட்கட்டும் என்று. இதுவும் வாய்க்குள் டெஸ்ட் சொல்வதுதான். பதினொன்று ஐம்பத்திரண்டு. அவருடைய வரிக்கு மட்டும் மேலே குறிப்பு எழுத இடம் திறக்கிறேன். வணக்கம் என்று ஆரம்பித்து அழிக்கிறேன், என்னை நினைவிருக்கிறதா என்று எழுதி அழிக்கிறேன், அது நினைவிருக்க வேண்டும் என்று பிச்சை கேட்பது போல் இருக்கிறது. சூழ்நிலை அப்படி என்று ஒரு வரி வருகிறது, சூழ்நிலை ஒன்றும் இல்லை, அதையும் அழிக்கிறேன். கூப்பிட ஒரு பெயர் வேண்டும். கீழே மோட்டார் கடையில் எதையோ தூக்கி வைக்கும் சத்தம், இரும்பு தரையில் உட்கார்வது. எழுதுகிறேன். ஜெரால்டு, அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது பத்துக்கு ஓட்டியது நான். சத்தமாகச் சொல்லவில்லை. உங்கள் நிரலை நீங்கள் முந்தின நாள் ஆறு இரண்டுக்கே நிறுத்தியிருந்தீர்கள், நான் பார்த்தேன், தகடு எழுதும்போதும் எனக்குத் தெரியும். இந்துஜா. நாலே வரி. முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். மன்னிப்பு என்ற வார்த்தை இல்லையே என்று பார்க்கிறேன், இருந்தால் அவர் உடனே பரவாயில்லை என்று எழுதிவிடுவார், அதற்கு அவரைத் தள்ளக்கூடாது. பதினொன்று ஐம்பத்தாறு. முதல் வரிசையிலிருந்து ஓட வேண்டும், முதலில் மரங்கள், மரங்களில் முதலில் ஒன்று முதல் ஏழு. எல்லாம் தயார். விரலை என்டர்மேல் வைக்கிறேன், பழக்கத்தில் உதடு தானாக அசைகிறது, நாக்கு நகர்கிறது, வார்த்தை உள்ளே வட்டமாக உருண்டு நிற்கிறது, பக்கத்தில் யாரும் இல்லை, நாற்காலிகூட இல்லை, யாருக்குச் சொல்ல வேண்டும், ஏழு வட்டங்கள்தான் தரையில். விரலை எடுத்துவிட்டு எழுந்து நிற்கிறேன். முழங்கால் நேராகிறது, இந்தமுறை மடங்கவில்லை.

"மெயின்!"

அது என் குரலா என்று தெரியவில்லை, காலி அறையில் மோதித் திரும்பி வந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததைப் போல இருந்தது. உள்ளறையிலிருந்து, அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் நின்று, "செரி கண்ணு!" என்று வந்தது. தட்டினேன். திரையில் ஒன்று போனது. இரண்டு போனது, போன கையோடு உள்ளறையில் அக்காவின் செல்போன் மணி ஒலித்தது. "என்னமோ வந்திருக்குது," என்று அக்கா கண்ணாடி தேடும் சத்தம், பிறகு எழுத்துக் கூட்டி வாசிக்கும் சத்தம், ஏழு கிளாஸிலும், டீ, ஒரே அளவாக, யார் முகம் வாடி, அப்படியே நின்றுபோனது, அதற்குள் திரையில் மூன்று நகர்ந்து மேலே போய்விட்டது, இனி அதை யாராலும் திரும்ப வரவழைக்க முடியாது. அக்கா செல்போனோடு கதவுக்கு வந்து நின்றார், கண் கலங்கியிருந்தது, அதை மறைக்க அதட்டலாகக் கேட்டார், "இதை ஆருடி எழுதுனது?"

"நான்தான்க்கா," என்றேன். கீழே மோட்டார் கடையில்கூட யாராவது நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.